மின்மாற்றியின் காவல்

(மின்பொறியாளர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



ஒரு நகரத்துக்கு மின்சாரம் வழங்கும் துணை மின்நிலையத்துக்குள் நுழைகின்றவர் கண்ணில் முதலில் படுவது, எண்ணெய் நிரம்பிய இரும்புத் தொட்டிக்குள் அடங்கி, இரவும் பகலும் ஒரே சீரான முரலொலியை எழுப்பிக்கொண்டு நிற்கும் மின்மாற்றிதான். சுழலும் பாகம் எதுவும் அதில் இல்லாமையால், எண்ணெயைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, சூட்டை எல்லைக்குள் நிறுத்திவிட்டால், 30, 40 ஆண்டுகள் அது அலுக்காமல் உழைக்கும். ஆயினும் அதன் சுருணைக்குள் மின்காப்பு ஓரிடத்தில் சிதைந்து மின்வில் மூண்டுவிட்டதென்றால், அந்த வில்லின் வெப்பத்தில் எண்ணெய் வாயுவாக மாறி, பிரேக்கர் திறக்கச் சற்றே தாமதித்தாலும் தொட்டி பிளந்து, பல்லாயிரம் லிட்டர் எண்ணெய் தீப்பற்றி எரியும் விபரீதம் நேரும். எரிந்துபோன பெரிய மின்மாற்றிக்குப் பதிலாக இன்னொன்றைச் செய்வித்துக் கொணர்ந்து நிறுவ மாதக்கணக்கில் ஆகும். ஆகவேதான், அதற்குக் காவலாக நிற்கும் டிஃபரன்ஷியல் ரிலே என்னும் உபகரணத்தைப் பற்றி ஒரு மாலைப்பொழுது முழுவதும் பேசுவது மிகையாகாது என்று நினைக்கிறேன்.

இந்தக் காவல்முறையின் தத்துவம் 1904ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரைச் சேர்ந்த மின்பொறியாளர் சார்லஸ் மெர்ஸும் அவருடைய சகாவான பெர்னார்டு பிரைஸும் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து பிறந்தது. மெர்ஸ் 1940இல் லண்டன் மீது நடந்த வான்குண்டுத் தாக்குதலில் தம் குழந்தைகளோடு மாண்டார்; பிரைஸ் தென்னாப்பிரிக்கா சென்று அங்கே மின்துறையில் பெயர் நாட்டினார். இவ்விருவரும் கண்ட யுக்தி வெகு எளிமையானது. களத்துமேட்டில் ஒரு மரக்காலால் அளந்து வண்டியேற்றிய நெல்லை வீட்டில் இன்னொரு மரக்காலால் அளந்து பத்தாயத்தில் கொட்டும் மிராசுதார், இரண்டு கணக்கும் ஒத்திருந்தால் வழியில் ஏதும் சிந்தவில்லை என்று நிம்மதி கொள்வதும், ஒவ்வாவிட்டால் வழியைச் சோதிப்பதும் எவ்வாறோ, அவ்வாறே மின்மாற்றியின் இருபுறத்திலும் கரண்ட் டிரான்ஸ்பார்மர்களை, அதாவது நாம் நாள்தோறும் சி.டி. என்று சொல்லும் அளவைக் கருவிகளை, அமைத்து, உட்புகும் மின்னோட்டமும் வெளியேறும் மின்னோட்டமும் ஒன்றையொன்று ஈடுசெய்யுமாறு இணைத்து, ஈடாகாமல் மிஞ்சும் வேறுபாட்டை மட்டும் ரிலேக்குள் செலுத்துவதே அந்த முறை. இரு சி.டி.களுக்கும் இடையிலுள்ள எல்லைக்குள் பழுது என்றால் ரிலே க்ஷணத்தில் இயங்க வேண்டும். எல்லைக்கு வெளியே எத்தகைய பிரளயம் நேர்ந்தாலும் அசையாதிருக்க வேண்டும். இவ்விரண்டு கடமைகளும் ஒன்றோடொன்று பிணங்குகின்றன என்பதுதான் இன்று நான் பேசப்போகும் விஷயம் முழுவதும். ரிலேயின் உணர்வைக் கூர்மையாக்கினால் அது வெளிப்பழுதுக்கும் பதறுகிறது. பதறாதபடி மழுங்கச் செய்தால் உட்பழுதையே காணத் தவறுகிறது.

மரக்கால் இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலல்லவா கணக்கு ஒக்கும்! மின்மாற்றியின் விஷயத்திலோ, இரண்டு புறமும் ஓடும் மின்னோட்டமே இயல்பில் சமமன்று. நம் ஊர்களில் பழக்கமான 110/11 கிலோவோல்ட், 16 எம்.வி.ஏ. மின்மாற்றி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முழுச்சுமையில் அதன் உயரழுத்தப் பக்கத்தில் ஏறத்தாழ 84 ஆம்பியரும், தாழழுத்தப் பக்கத்தில் 840 ஆம்பியரும் ஓடும். முதற்பக்கத்தில் 100/1 விகிதமுள்ள சி.டி.யும் மறுபக்கத்தில் 1000/1 விகிதமுள்ள சி.டி.யும் வைத்தால் இரண்டும் 0.84 ஆம்பியரைத் தந்து அழகாக ஒத்துப்போகும். அதே மின்மாற்றி 110/33 ஆக இருந்தால், 33 கிலோவோல்ட் பக்கத்தில் 280 ஆம்பியர் ஓட, சந்தையில் கிடைக்கும் 300/1 சி.டி. 0.93 ஆம்பியரைத் தரும், முதற்பக்கத்தின் 0.84க்கும் இதற்கும் பழுது எதுவுமின்றியே வேறுபாடு தோன்றிவிடும். பழைய காலத்தில் இடையே இன்னொரு சிறிய சி.டி.யை நுழைத்து இந்த வேறுபாட்டைச் சரிக்கட்டினார்கள். இக்காலத்து நியூமெரிக்கல் ரிலே கணக்கிலேயே அதைச் சரிசெய்துகொள்கிறது.

அளவு ஒத்தால் மட்டும் போதாது, கோணமும் ஒக்க வேண்டும். ஸ்டார் ஒருபுறமும் டெல்டா மறுபுறமுமாகச் சுற்றப்பட்ட மின்மாற்றியில் இருபுறத்து மின்னோட்டங்களுக்கும் இடையே 30 பாகை விலகல் உண்டாகிறது. அளவில் சமமான இரு மின்னோட்டங்கள் 30 பாகை விலகி நின்றால் அவற்றின் வேறுபாடு ஏறத்தாழ 52 விழுக்காடு என்பதைத் திரிகோண கணிதம் தெரிந்த எந்த மாணவரும் ஒரு நிமிஷத்தில் கணக்கிட்டுவிடலாம். அதாவது, திருத்தம் செய்யாமல் விட்டால் பாதிச் சுமை மின்னோட்டம் ரிலேயின் கண்ணில் பழுதாகவே படும். முன்னோர் இதற்கு ஒரு நேர்த்தியான உபாயம் கண்டனர்: ஸ்டார் பக்கத்துச் சி.டி.களை டெல்டாவாகவும், டெல்டா பக்கத்துச் சி.டி.களை ஸ்டாராகவும் பிணைத்தார்கள். இதனால் கோணம் திருந்தியதோடு, வெளியே எர்த் பழுது நேரும்போது ஸ்டார் பக்கத்தில் மட்டும் ஓடி, மறுபக்கத்துக் கம்பிகளில் தலைகாட்டாமல் டெல்டாவுக்குள்ளேயே சுழன்றுவிடும் பூஜ்ய வரிசை மின்னோட்டமும் ரிலேக்குப் போகாமல் தடுக்கப்பட்டது. ஒரே கட்டில் இரண்டு காரியம் சாதித்த அந்த இணைப்பை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது.

இப்போது கோணத்திருத்தம் மென்பொருளுக்குள் போய்விட்டது. வயரிங் எளிதாயிற்று என்பது உண்மையே. ஆனால் பழைய பிழை புதிய வேஷத்தில் வருகிறது. வெக்டர் குரூப் என்னும் இடத்தில் 11 என்று இடவேண்டிய எண்ணை 1 என்று இட்டுவிட்டால், ரிலே 30 பாகையை எதிர்த்திசையில் திருத்தி, ஆக 60 பாகை விலகலை உண்டாக்கிக்கொள்ளும். அப்போது வேறுபாட்டு மின்னோட்டம் சுமை மின்னோட்டத்துக்கே சமமாகிவிடும். இந்தத் தவறு சார்ஜ் செய்த அன்று வெளிப்படுவதில்லை என்பதை விசேஷமாகச் சொல்ல வேண்டும். புதிய மின்மாற்றியில் சுமை 10 விழுக்காடு மட்டுமே இருக்கும் வரையில் ரிலே தன் தொடக்க எல்லையை எட்டாமல் மௌனமாக இருக்கும். மறுவாரம் ஒரு நாள் மாலை ஊர் விளக்கேற்றும் வேளையில் சுமை ஏற, பழுது ஏதுமற்ற மின்மாற்றி டிரிப் ஆகி ஊர் இருளும்.

டேப் சேஞ்சரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மின்னழுத்தத்தைச் சீராக வைக்க, சுமையோடு இருக்கும்போதே அது சுற்றுக்களின் எண்ணிக்கையை மாற்றுகிறது. நம் நாட்டில் பெருவழக்காயுள்ள மேலே 5, கீழே 15 விழுக்காடு என்ற வீச்சில் நடுவிலுள்ள டேப்புக்குக் கணக்கைச் சரிசெய்தாலும், இரு கோடிகளிலும் 10 விழுக்காடு வேறுபாடு தங்கியே தீரும். அதனோடு சி.டி.யின் சொந்தப் பிழையும் சேர்கிறது. வேறுபாட்டை அதன் தனி அளவால் மதிக்காமல், மின்மாற்றியினூடே ஓடும் மின்னோட்டத்தில் அது எத்தனை விழுக்காடு என்று மதிக்கும் பயஸ் முறை இதற்காகவே தோன்றியது. ஓட்டம் பெருகப் பெருக ரிலே தன் சகிப்பையும் பெருக்கிக்கொள்கிறது. 20 முதல் 30 விழுக்காடு வரையிலான முதற்சரிவும், பெரு மின்னோட்டத்துக்கென 60, 80 விழுக்காடு அளவிலான இரண்டாம் சரிவும் வைப்பது இன்று சர்வசாதாரணம்.

இனி, இந்தத் துறையின் பிரதான சங்கடத்துக்கு வருகிறேன். ஓய்ந்திருக்கும் மின்மாற்றியை மின்னழுத்தத்தோடு இணைக்கும் கணத்தில், மறுபுறம் சுமையே இல்லாதிருக்க, இணைத்த பக்கத்தில் மட்டும் முழுச்சுமையைப் போல் எட்டு மடங்கு, பத்து மடங்கு மின்னோட்டம் பாயக்கூடும். உட்புறம் போவது இவ்வளவு, வெளியே வருவது சூன்யம் என்றால், டிஃபரன்ஷியல் ரிலேயின் சித்தாந்தப்படி அது ஐயத்துக்கிடமில்லாத உட்பழுது. ஆனால் அது பழுதன்று. இன்ரஷ் என்று நாம் சொல்லும் காந்தமூட்டும் பாய்ச்சல். பிற்காலத்தில் வெற்றிடக் குழாயைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்ற பிளெமிங் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி 1892ஆம் ஆண்டிலேயே இதைத் தம் சோதனைகளில் கண்டு எழுதியிருக்கிறார். மெர்ஸும் பிரைஸும் தம் முறையை வகுப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அதன் பகை உலகுக்குத் தெரிந்திருந்தது என்று சொல்லலாம்.

இதன் காரணத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். மின்னழுத்த அலை சூன்யத்தைக் கடக்கும் கணத்தில் பிரேக்கர் மூடப்பட்டால், உள்ளகத்தின் காந்தப்பாயம் தன் வழக்கமான உச்சத்தைப்போல் இரு மடங்குக்கு ஏற வேண்டியிருக்கிறது. முன்பு அணைத்தபோது உள்ளகத்தில் தங்கிப்போன எஞ்சிய காந்தம் அதே திசையில் இருந்துவிட்டால் அதுவும் மேலே சேர்ந்துகொள்கிறது. நம் மின்மாற்றிகளின் சிலிக்கான் எஃகோ சாதாரண நாட்களிலேயே ஏறத்தாழ 1.7 டெஸ்லா அளவில் உழைப்பது. 2 டெஸ்லாவைத் தாண்டினால் பூரிதமாகிவிடுவது. இரு மடங்குப் பாயத்தை அதன்மேல் சுமத்தினால் அந்த எஃகு காற்றுக்குச் சமானமாகி, ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த காந்தமூட்டும் மின்னோட்டம் மலைபோல் எழுகிறது. அலையின் ஒரு பாதியில் மட்டும் இது நிகழ்வதால் மின்னோட்டம் ஒரே திசையில் கூர்ந்த கொடுமுடிகளாகவும், அவற்றிற்கு இடையே சிறிது நேரம் சமதரையாகவும் காட்சியளிக்கிறது. சுருணையின் மின்தடை குறைவாயுள்ள பெரிய மின்மாற்றிகளில் இது அடங்கப் பல வினாடிகள் ஆவதுண்டு.

ஆதியில் இதற்குக் கண்ட பரிகாரம், சார்ஜ் செய்யும்போது ரிலேயைச் சிறிது நேரம் தாமதப்படுத்துவதோ மந்தப்படுத்துவதோதான். மின்மாற்றிக்கு மிகுந்த அபாயமுள்ள வேளையில் காவலாளியை உறங்கச் சொல்லும் இந்த ஏற்பாட்டில் பொறியாளர்கள் திருப்தியடையவில்லை. இன்ரஷின் அலைவடிவத்தில் இரண்டாம் ஹார்மானிக் மிகுதி, உட்பழுதின் மின்னோட்டத்தில் அது சொற்பம் என்னும் லட்சண வேற்றுமை அவர்களுக்குக் கைகொடுத்தது. 1938இல் கென்னடியும் ஹேவர்டும் ஹார்மானிக்கைக் கொண்டு ரிலேயைத் தடுக்கும் எண்ணத்தைப் பஸ்பார் காப்புக்காக முன்வைத்தார்கள். பயஸ் முறையோடு அது இணைந்து மின்மாற்றிக்கு வந்தது அதன் பின்னர். 1958இல் ஷார்ப், கிளாஸ்பர்ன் ஆகிய இருவரும் இரண்டாம் ஹார்மானிக்கை மட்டும் பிரித்தறிந்து ரிலேயைத் தடுக்கும் முறையை வகுத்தார்கள். அடிப்படை ஓட்டத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் இரண்டாம் ஹார்மானிக் இருந்தால் அது இன்ரஷ், இல்லாவிடில் பழுது என்னும் பிரமாணம் இன்றும் நம் ரிலேக்களில் ஆட்சி புரிந்து வருகிறது.

ஹேவர்டு 1941இல் இன்னொரு சங்கடத்தையும் எடுத்துக்காட்டினார். ஏற்கெனவே சுமையோடு அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும் மின்மாற்றியின் பக்கத்தில் மற்றொன்றை இணைத்தால், புதியதன் இன்ரஷ் பொதுவான மின்வழியில் உண்டாக்கும் அழுத்த வீழ்ச்சியினால் பழையதும் மெல்ல மெல்லப் பூரிதமாகி, தானும் இன்ரஷை ஈர்க்கத் தொடங்குகிறது. தொடாத மின்மாற்றி எதற்காக டிரிப் ஆயிற்று என்று கட்டுப்பாட்டு அறையில் திகைத்து நிற்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அந்த 15 விழுக்காடு என்னும் எல்லை இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. எஃகு செய்யும் கலை முன்னேறி, உள்ளகம் அதிகக் காந்தச் செறிவில் உழைக்கக்கூடியதாகிவிட்டது. அத்தகைய உள்ளகங்களின் இன்ரஷில் இரண்டாம் ஹார்மானிக் ஒரு ஃபேஸில் 15க்கும் கீழே, சில வேளைகளில் 10க்கும் கீழே இறங்கிவிடுகிறது. மின்மாற்றி செப்பமடையச் செப்பமடைய அதன் காவல் கடினமாகிறது! எல்லையைக் குறைத்தால் உண்மைப் பழுதையும் இன்ரஷ் என்று எண்ணி ரிலே வாளாவிருக்கும் அபாயம். குறைக்காவிட்டால் வீண் டிரிப். ஒரு ஃபேஸில் ஹார்மானிக் தெரிந்தால் மூன்று ஃபேஸையும் தடுத்துவிடும் குறுக்குத் தடுப்பு முறை ஒன்று உண்டு. அது வீண் டிரிப்பை நன்றாகவே தவிர்க்கிறது; ஆனால் ஒரு ஃபேஸில் பழுதுள்ள மின்மாற்றியைச் சார்ஜ் செய்யும்போது, பழுதற்ற இரு ஃபேஸ்களின் இன்ரஷ், பழுதுள்ள ஃபேஸின் டிரிப்பைத் தடுத்து நிறுத்திவிடும். இந்த வசதியைக் கால வரையறையின்றி விட்டுவைப்பது சரியல்ல என்பதும், சில அலைகளுக்கு மேல் அது நீடிக்கக் கூடாது என்பதும் என் திடமான அபிப்பிராயம். கொடுமுடிகளுக்கு இடையேயுள்ள சமதரையை நேரடியாகக் கண்டறிந்து இன்ரஷை அடையாளம் காணும் அலைவடிவ முறைகளும், மின்னழுத்த அலையின் தக்க கணம் பார்த்து பிரேக்கரை மூடும் ஏற்பாடும் வந்துள்ளன. பின்னதையே நான் மேலாகக் கருதுகிறேன். வந்த இன்ரஷை அடையாளம் காண்பதைவிட அது எழாமலே தடுப்பது மின்மாற்றியின் சுருணைகளுக்கும் நல்லது.

இங்கே பராமரிப்புப் பணியிலிருக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சுருணையின் மின்தடையை அளக்க நேர்மின்சாரம் செலுத்திச் சோதித்த பிறகு, உள்ளகத்தில் கணிசமான காந்தம் எஞ்சிவிடுகிறது. அதை நீக்காமல் சார்ஜ் செய்தால் இன்ரஷ் உக்கிரமாக எழும். பராமரிப்பு முடிந்து சார்ஜ் செய்த மாத்திரத்தில் ரிலே இயங்கிய சந்தர்ப்பங்களில் இதையும் ஒரு காரணமாக ஆராய வேண்டும்.

மின்னழுத்தம் மிகுந்தோ அதிர்வெண் குறைந்தோ உள்ளகம் மிகையாகக் காந்தமேறும் நிலையில் ஐந்தாம் ஹார்மானிக் தலைதூக்குகிறது. அதைக்கொண்டு ரிலேயை அடக்குவது வழக்கம். நீண்ட உயரழுத்த வழிகளின் கோடியில் இருக்கும் மின்மாற்றிகளுக்கும், சுமை திடீரென விடுபடும் ஜெனரேட்டர் மின்மாற்றிகளுக்கும் இது முக்கியம்.

இவ்வளவு நேரமும் மின்மாற்றியின் சுபாவத்தால் வரும் இடர்களைச் சொன்னேன். அளக்கின்ற கருவியின் சுபாவத்தால் வருவது இவற்றினும் பெரிது. எல்லைக்கு வெளியே, 11 கிலோவோல்ட் ஃபீடரின் வாயிலில் பழுது நேர்ந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். நாம் முன்பு பார்த்த 16 எம்.வி.ஏ. மின்மாற்றியின் இம்பீடன்ஸ் 10 விழுக்காடானால், முழுச்சுமையைப் போல் பத்து மடங்கு மின்னோட்டம் அதனூடே பாயும், 100/1 சி.டி.யின் இரண்டாம் பக்கத்தில் 8.4 ஆம்பியர். யார்டிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு 150 மீட்டர் தூரமென்றால், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போக வர 300 மீட்டருக்கு ஏறத்தாழ 2.2 ஓம் தடை தரும். ஆகக் கம்பியில் மட்டும் 18 வோல்ட்டுக்கு மேல் சி.டி. ஈந்தாக வேண்டும். பழுது தோன்றும் கணத்தில் நேர்மின் கூறு உச்சத்தில் இருந்து, சுற்றின் எக்ஸ்/ஆர் விகிதம் 20ஆகவும் இருந்தால், பூரிதமாகாமல் தப்ப அந்தச் சி.டி. 21 மடங்கு, அதாவது ஏறத்தாழ 390 வோல்ட்டுக்கு உரிய காந்தப்பாயத்தைத் தாங்க வேண்டியிருக்கும். அதன் நீ பாயிண்ட், அதாவது அது பூரிதமாகத் தொடங்கும் மின்னழுத்தம், அதற்குக் கீழே இருந்தால் அது நடுவில் சோர்ந்துவிடும், மறுபக்கத்துச் சி.டி. சோராமல் நின்றுவிட்டால், வெளிப்பழுது ரிலேயின் கண்ணுக்கு உட்பழுதாகிவிடும். இந்தியத் தரநிர்ணயத்தில் பி.எஸ். வகுப்புச் சி.டி.க்களை இத்தகைய காப்புகளுக்கென்று தனியாக வகுத்ததும், 5 ஆம்பியர் சி.டி.யைவிட 1 ஆம்பியர் சி.டி.யை விரும்புவதும் இதனால்தான். அதே கம்பியில் 5 ஆம்பியர் ஓடினால் சி.டி. சுமக்க வேண்டிய பாரம் 25 மடங்காகும்.

உட்பழுதிலும் இந்தப் பூரிதம் விடுவதில்லை. பூரிதமடைந்த சி.டி. தரும் சிதைந்த அலையில் ஹார்மானிக்குகள் நிறைந்திருப்பதால், பெரும்பழுது நேர்ந்த அந்த வேளையிலேயே ரிலே அதை இன்ரஷ் என்று மயங்கித் தயங்கக்கூடும். ஆகவே, எட்டுப் பத்து மடங்குக்கு மேல் வேறுபாடு தோன்றினால் ஹார்மானிக்கைப் பாராமலே டிரிப் செய்யும் ஹை செட் உறுப்பு ஒன்றைக் கூடவே வைத்திருக்கிறார்கள். அதை இன்ரஷின் உச்சத்துக்கு மேலே, உட்பழுதின் அளவுக்குக் கீழே நிறுத்துவது, அந்தந்த மின்மாற்றிக்குத் தனியே கணக்கிட்டுச் செய்ய வேண்டிய காரியம். அடுத்த நிலையத்தின் ரிலேயைப் பார்த்து எழுதிக்கொள்ளத் தக்கதன்று.

இத்தனை திருத்தங்களுக்குப் பிறகும் டிஃபரன்ஷியல் ரிலேக்கு எட்டாத பழுதுகள் உண்டு. சுருணையில் அடுத்தடுத்த ஓரிரு சுற்றுக்கள் ஒட்டிக்கொண்டால், ஒட்டிய சுற்றுக்குள் பயங்கரமான மின்னோட்டம் சுழலும். முனைகளில் தெரியும் மாறுதலோ அற்பம். மின்தடை வழியாக எர்த் செய்யப்பட்ட ஸ்டார் சுருணையில், நியூட்ரலுக்கு அருகே நேரும் எர்த் பழுதின் மின்னோட்டம் சுற்றுக்களின் எண்ணிக்கையோடு குறைகிறது. டெல்டாவாகச் சுற்றிய மறுபக்கத்தில் அது பிரதிபலிக்கும் அளவோ அதன் வர்க்கமாகக் குறைந்துவிடுகிறது. எர்த் மின்தடை முழுச்சுமை மின்னோட்டத்துக்கு நிர்ணயிக்கப்பட்டு, ரிலேயின் தொடக்கம் 20 விழுக்காட்டில் இருக்குமானால், சுருணையில் 41 விழுக்காடுதான் காப்புக்குள் வரும். நியூட்ரல் பக்கத்து 59 விழுக்காடு திறந்த வெளியாகவே கிடக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் திடுக்கிடாதவர் இருக்க முடியாது. நியூட்ரலில் தனியே ஒரு சி.டி. வைத்து, ஸ்டார் சுருணையை மட்டும் காக்கும் ரெஸ்ட்ரிக்டட் எர்த் ஃபால்ட் ரிலே அந்த வெளியை மூடுகிறது. சுற்றுக்களுக்கிடையேயான பழுதுக்கோ, ஜெர்மானியப் பொறியாளர் மாக்ஸ் புக்கோல்ஸ் 1921இல் கண்டுபிடித்த வாயு ரிலே இன்றும் ஈடிணையற்று விளங்குகிறது. மின்னோட்டத்தைப் பாராமல் எண்ணெயிலிருந்து எழும் வாயுவைப் பார்த்து எச்சரிப்பதால், சி.டி.யின் பிழை எதுவும் அதைத் தீண்டுவதில்லை. நியூமெரிக்கல் ரிலே வந்துவிட்டது என்பதால் புக்கோல்ஸைப் புறக்கணிக்கும் மனப்பான்மை எங்காவது தோன்றினால் அது கண்டிக்கத்தக்கது.

இந்தச் சங்கடங்களில் சில விஞ்ஞானத்தின் எல்லையில் நிற்பவை. அவற்றைத் தீர்க்க ஆராய்ச்சியாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் சி.டி.யின் முனை மாறிப்போவது, சி.டி. சுற்றின் நியூட்ரல் கம்பியை இரண்டு இடத்தில் எர்த் செய்துவிடுவது, விகிதத்தையோ வெக்டர் குரூப்பையோ தவறாக இடுவது முதலியவை முற்றிலும் நம் கையில் உள்ளவை. இவற்றைச் சார்ஜ் செய்வதற்கு முன்பே வெளிப்படுத்தும் ஸ்டெபிலிட்டி டெஸ்டை ஒரு சடங்காக நினைத்துவிடக் கூடாது. அதை எவ்வாறு செய்கிறோம் என்று இங்குள்ள மாணவர்களுக்காகச் சொல்கிறேன். நம்முடைய அதே 110/11 மின்மாற்றியின் 11 கிலோவோல்ட் பக்கத்தில், சி.டி.க்கு அப்பால், மூன்று ஃபேஸையும் கனமான கம்பியால் ஒன்றாகப் பிணைத்துவிட்டு, 110 கிலோவோல்ட் பக்கத்தில் நம் ஆலைகளுக்கு வரும் 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தைக் கொடுக்கிறோம். 10 விழுக்காடு இம்பீடன்ஸ் உள்ள அந்த மின்மாற்றி 110 பக்கத்தில் 3.2 ஆம்பியரையும், 11 பக்கத்தில் 32 ஆம்பியரையும் ஈர்க்கும். இருபுறத்துச் சி.டி.யும் தலைக்கு 32 மில்லியாம்பியரை ரிலேக்கு அனுப்பும். பேனலின் டெர்மினல் வரிசையில் மில்லியாம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு கம்பியாகக் கோத்துக் குறித்துக்கொண்டு, ரிலேயின் முகப்பில் வேறுபாட்டு மின்னோட்டத்தைப் படித்தால் அது ஏறத்தாழ சூன்யமாக இருக்க வேண்டும். 60ஐ ஒட்டிய எண் தெரிந்தால் ஒரு பக்கத்து முனை மாறியிருக்கிறது. 30ஐ ஒட்டியிருந்தால், ஒரு பக்கத்து மின்னோட்டம் ரிலேக்கு வந்து சேரவேயில்லை, அல்லது கோணத்திருத்தம் 60 பாகை பிறழ்ந்திருக்கிறது. பின்னர் அந்தப் பிணைப்பைச் சி.டி.க்கு இப்புறம் மாற்றி, உட்பழுதைப் போலச் செய்து, இப்போது 32 மில்லியாம்பியர் வேறுபாடு தோன்றுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இவ்வளவு சிறிய மின்னோட்டத்தில் ரிலே டிரிப் ஆகாது. எண்ணைத்தான் படிக்க வேண்டும், எண்ணைப் படிப்பதற்குப் பொறுமை வேண்டும். ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும் இந்தச் சோதனை, பிறகு வரும் எத்தனையோ வீண் டிரிப்புகளையும் விசாரணைகளையும் தவிர்த்துவிடும்.

வீண் டிரிப் இரண்டொரு முறை நேர்ந்ததும், காரணத்தைத் தேடாமல் ரிலேயின் செட்டிங்கை ஏற்றி வைத்துவிடும் ஒரு தவறான பழக்கம் பரவி வருவதைக் கவலையோடு குறிப்பிட விரும்புகிறேன். தொடக்கத்தை 20இலிருந்து 40க்கு ஏற்றினால், முன்பு சொன்ன அந்தச் சுருணையில் காப்புக்கு உட்படாத பகுதி 59இலிருந்து 83 விழுக்காடாகிவிடும். மேலதிகாரியின் அதிருப்திக்கு அஞ்சிச் செய்யும் இந்தத் திருத்தத்தின் விலையை, என்றோ ஒரு நாள் அந்த மின்மாற்றியே கொடுக்க வேண்டியிருக்கும். ரிலே தவறாக இயங்கியது என்று எழுதுவதற்கு முன்னால், அது பதிவு செய்து வைத்திருக்கும் அலைவடிவத்தைத் திறந்து பாருங்கள். ஒரே திசையில் கூர்ந்து, இடையே சமதரை காட்டி, அலைக்கு அலை தேய்ந்து போவதானால் அது இன்ரஷ். இருபுறமும் சமமாக ஏறி இறங்கித் தேயாது நிற்பதானால் அதைப் பழுது என்றே முதலில் கொள்ள வேண்டும்.

ஆகையால் நண்பர்களே, நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது மூன்று காரியங்கள். சி.டி. வயரிங்கில் ஒரு கம்பியைத் தொட்டாலும் ஸ்டெபிலிட்டி டெஸ்ட் செய்யாமல் சார்ஜ் செய்யாதீர்கள். செட்டிங்கை மாற்றினால், மாற்றியதற்கான கணக்கைக் கையெழுத்தோடு நிலையத்தின் பதிவேட்டில் எழுதி வையுங்கள். டிஃபரன்ஷியல் ரிலே இயங்கி மாஸ்டர் டிரிப் விழுந்துவிட்டால், ஊர் இருண்டிருக்கிறது என்று எவர் அவசரப்படுத்தினாலும், புக்கோல்ஸில் வாயு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, மெக்கர் வைத்து, சுற்று விகிதமும் மேக்னடிக் பேலன்ஸும் சோதித்து, எண்ணெயில் கரைந்த வாயுக்களின் பரிசோதனை முடிவில் அசிட்டிலின் இல்லை என்று உறுதி செய்துகொள்ளும் வரையில், அந்த மின்மாற்றியை மறுபடி சார்ஜ் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள்.